ஜப்பானியச் செம்புச் சட்டி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. என் சமையலறையில் கையால் அடித்த செம்புச் சாமான்கள் நாலு இருக்கின்றன: முட்டை சுருட்டும் சட்டி, கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரம், முள்ளங்கி துருவும் தட்டு, ஒரு கெண்டி. வீட்டுக்கு வரும் நண்பர்களும் ஊரிலிருந்து போனில் பேசுபவர்களும் இவற்றைப் பற்றி ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதிலையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான்ஸ்டிக் சட்டி ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கிறது. செம்பு எதற்கு?

நான்ஸ்டிக்கிலும் முட்டை வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜப்பானிய வீட்டுச் சமையலில் தாஷிமாகி என்று ஒன்று இருக்கிறது. கோம்பு என்ற கடற்பாசியையும் காயவைத்துச் சீவிய கத்சுவோ மீனையும் போட்டு வடித்த சாறுதான் தாஷி. அதை முட்டையோடு கலந்து மெல்லிய அடுக்கடுக்காக ஊற்றிச் சுருட்டுவார்கள். மூன்று முட்டைக்கு நான் 80 மில்லி தாஷி விடுகிறேன், அரை ஸ்பூன் வெளிர் சோயா சாஸ், அவ்வளவுதான். இவ்வளவு தண்ணீராக இருக்கும் கலவையைச் சட்டியில் ஊற்றினால் விளிம்பு வெந்து நடு வேகாமலோ, நடு பொரிந்து விளிம்பு கொழகொழவென்றோ நிற்கக் கூடாது. எல்லா இடமும் ஒரே நேரத்தில் உறைய வேண்டும், உறைந்த அந்த நொடியில் சுருட்டிவிட வேண்டும்.

செம்பு இங்கேதான் ஜெயிக்கிறது. இரும்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கும், எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேலும் வெப்பத்தைக் கடத்தும். சீக்கிரம் சூடாகும் என்பது அதில் பாதி லாபம்தான். மீதிப் பாதி, தீயைக் குறைத்தவுடனே சட்டியும் குறைந்துவிடும் என்பது. அடுப்பிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கிப் பிடித்தால் சலசலப்பு உடனே அடங்குவதைக் காதாலேயே கேட்கலாம், திரும்ப வைத்தால் மறுபடி ஆரம்பிக்கும். சொன்ன பேச்சைக் கேட்கும் சட்டி என்று நான் சொல்வது இதைத்தான். இந்தச் சட்டியில் சமைக்கப் பழகியவர்கள் அடுப்புத் திருகை அதிகம் தொடுவதில்லை, சட்டியை ஏற்றி இறக்கியே வேலையை முடித்துவிடுகிறார்கள்.

ஒன்று சதுரமாக இருக்கிறது, ஒன்று நீளமாக இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி, ஊர் வழக்கம்தான் வேறு. டோக்கியோ பக்கம் சதுரச் சட்டி. அங்கே முட்டையில் சர்க்கரை கூடுதல், லேசாகச் சிவக்க விட்டு எடுப்பார்கள். கியோத்தோ, ஒசாகா பக்கம் குறுகலான நீளச் சட்டி; தாஷி கூடுதல், சிவக்கவே விடமாட்டார்கள், மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். டோக்கியோவில் தூர விளிம்பிலிருந்து தன் பக்கம் சுருட்டுவதும் கியோத்தோவில் தன் பக்கமிருந்து அந்தப் பக்கம் சுருட்டுவதும் வழக்கம். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு நீளச் சட்டிதான் வசதி. அகலம் 12, நீளம் 16 முதல் 18 சென்டிமீட்டர் இருந்தால் போதும். பெரிதாக வாங்கினால் மூன்று முட்டை அடியில் தாள் மாதிரிப் பரவிக் காய்ந்துவிடும்.

இதையெல்லாம் எங்கே செய்கிறார்கள்? கையால் அடிப்பது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

டோக்கியோவிலும் கியோத்தோவிலும் செம்புக்கொல்லர்கள் இருக்கிறார்கள். ஆனால் செம்பு என்றவுடன் ஜப்பானியர் வாயில் முதலில் வரும் பெயர் நீகாத்தா மாநிலத்தில் இருக்கும் த்ஸுபாமே. ஷினானோ ஆறு அடிக்கடி பெருக்கெடுத்து வயலை மூழ்கடித்த ஊர் அது. விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல் 17ஆம் நூற்றாண்டில் அங்கே ஆணி அடிக்கும் தொழில் வேர்விட்டது. 18ஆம் நூற்றாண்டில் செண்டாய் பக்கமிருந்து வந்த ஒரு கொல்லர் செம்பு அடிக்கும் வித்தையைக் கொண்டுவந்தார் என்பார்கள். பக்கத்து யாஹிகோ மலையில் செம்பு கிடைத்தது, கையில் ஏற்கனவே சுத்தியல் இருந்தது, தொழில் நிலைத்துவிட்டது. 1816இல் தொடங்கிய க்யோக்குசெந்தோ என்ற பட்டறை இன்றும் அதே ஊரில் நடக்கிறது. 1873இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிவரை அவர்கள் பாத்திரம் போயிருக்கிறது. மேலைநாட்டு ஆணி வந்து இறங்கியதும் ஊரின் ஆணித்தொழில் படுத்துவிட்டது, செம்பு மட்டும் தப்பித்தது. 1981இல் அரசு இதை மரபுக் கைவினையாக அறிவித்தது. 2010இல் அந்த ஊரின் தமகாவா நொரியோவுக்கு, பல உலோகத் தகடுகளை அடுக்கி மரவரி போல வரவழைக்கும் வேலைக்காக, வாழும் தேசியச் செல்வம் என்ற பட்டம் கிடைத்தது.

வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. தரையில் ஒரு பெரிய மரக்கட்டை, கெயாகி என்ற மரத்தின் அடிப்பாகம். அதில் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் வேறு வேறு வளைவு கொண்ட இரும்புக் கம்பியைச் செருகலாம், அதன் முனை பறவை அலகு போல நீட்டிக்கொண்டிருக்கும், பெயரே தோரிகுச்சி, பறவை வாய். கொல்லர் அந்தக் கட்டைமேலேயே உட்கார்ந்து, செம்புத் தகட்டை அந்த அலகில் வைத்துத் திருப்பித் திருப்பி அடிக்கிறார். தகட்டை அடித்து விரிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேர்மாறாம். வட்டத் தகட்டின் ஓரத்தை அடித்து அடித்து உள்ளே சுருக்குகிறார்கள். துணியில் கொசுவம் வைப்பது போல மடிப்பு விழும், அந்த மடிப்பை அடித்து அடக்குவார்கள், அடுத்த மடிப்பு விழும். அடிக்க அடிக்கச் செம்பு விறைத்துப்போகும். அதற்கு மேல் அடித்தால் விரிசல் விடும். அப்போது உலையில் வைத்து அறுநூறு எழுநூறு டிகிரிக்குச் சிவக்கவைத்துத் தண்ணீரில் முக்குகிறார்கள். எஃகைச் சிவக்கவைத்து முக்கினால் கடினமாகும், செம்பு மெழுகு மாதிரி இளகிவிடும். மறுபடி அடி, மறுபடி உலை. ஒரு கெண்டிக்கு இது பத்து இருபது தடவை நடக்கும். மூக்கைத் தனியாக ஒட்டவைக்காமல் ஒரே தகட்டிலிருந்து வெளியே இழுத்து அடித்த கெண்டிகளும் உண்டு, அவற்றின் விலை பல லட்சம் யென்.

வீட்டு முட்டைச் சட்டிக்கு இவ்வளவு பாடு கிடையாது. ஒன்றரை மில்லிமீட்டர் அளவுத் தகட்டை வெட்டி மடக்கி, மூலையைச் சேர்த்து, கைப்பிடிக் கூட்டை ஆணியடித்து, உள்ளே வெள்ளீயம் பூசுவார்கள். அதிலும் கை வேலைதான் முக்கால்வாசி.

உள்ளே வெள்ளையாக இருப்பது ஈயமா? ஈயம் விஷமாயிற்றே!

இந்தக் குழப்பம் நம் மொழியால் வந்தது. காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. காரீயம்தான் உடம்புக்குக் கெடுதல். வெள்ளீயத்தைப் பாட்டி காலத்திலிருந்தே நம் வீட்டில் பயன்படுத்துகிறோம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு முழுக்க வெள்ளீயம்தான். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுவதால் பயம் வருகிறது. ஜப்பானியச் சட்டிக்குள் பூசுவது அந்த வெள்ளீயம்தான், அவர்கள் அதை சுசு என்பார்கள்.

பூசும் முறையும் நமக்குத் தெரிந்ததே. சட்டியைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருகவிட்டுப் பஞ்சால் ஒரே இழுப்பாகத் துடைத்துப் பரப்புவது. "ஈயம் பூசலையோ ஈயம்" என்று எங்கள் தெருவில் குரல் கேட்டுப் பித்தளை அண்டாவை இறக்கிவைத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. டோக்கியோ பட்டறை ஒன்றில் அந்த வெள்ளைப் புகை மூக்கில் ஏறியபோது அப்படியே எங்கள் வாசல் கண்முன் வந்தது.

புதுச் சட்டியை எப்படிப் பழக்குவது?

முதலில் வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டு மென்மையான பஞ்சால் கழுவித் துடையுங்கள். பாதி உயரத்துக்கு எண்ணெய் ஊற்றி, மிகச் சின்னத் தீயில் பத்து நிமிஷம் வையுங்கள். புகை வரும்வரை விடக் கூடாது. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, எண்ணெயை வடித்துக் காகிதத்தால் துடைத்தால் முடிந்தது. முதல் இரண்டு மூன்று தடவை முட்டை கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், மனம் தளர வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் தோய்த்த காகிதத்தை நாலாக மடித்து மூலைமுடுக்கு வரை தடவிவிட்டுத்தான் முட்டையை ஊற்ற வேண்டும். இரண்டாவது அடுக்குக்கு முன்னாலும் தடவ வேண்டும். குச்சி நுனியில் ஒரு துளி முட்டையை எடுத்து வைத்துப் பாருங்கள். சுர்ரென்று உடனே உறைந்தால் சரியான சூடு.

வெறும் சட்டியை அடுப்பில் வைக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். வைத்தால் என்ன ஆகும்?

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், அதுதான் காரணம். ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்து அது ஒழுகிப்போன கதை எந்தக் குடும்பத்தில்தான் இல்லை?

எனக்கும் நடந்தது. வாங்கி நாலாவது மாதம், சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிர்பெட்டியில் தாஷி தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்காது. திரும்பிப் பார்த்தால் சட்டியின் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு. சட்டியை அசைத்ததும் அந்தப் பளபளப்பு வழிந்து மூலைக்குப் போய்ச் சின்னச் சின்ன மணிகளாக நின்றுவிட்டது. நடுவில் ஐந்து யென் காசு அளவுக்குச் செம்பு தெரிந்தது. மனசே விட்டுப்போயிற்று. பூசிக் கொடுத்த கொல்லர் பார்த்துவிட்டு, இது கெட்டுப்போனதில்லை, மறுபடி பூசத்தானே இப்படிச் செய்கிறோம் என்றார். மூன்று வாரத்தில் புதுசாகத் திரும்பி வந்தது.

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். ஜப்பானில் 2008க்குப் பிறகு வந்த வீட்டு கேஸ் அடுப்புகளில் பர்னர் நடுவில் ஒரு சென்சார் இருக்கும், சட்டி அதிகம் சூடானால் தீயைத் தானே குறைக்கும். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். அது எண்ணெய் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக வைத்தது, வேலை செய்வது 250 டிகிரியை ஒட்டித்தான். அதற்குள் வெள்ளீயம் உருகிவிடும். எண்ணெய் தடவிய பிறகு மிதமான தீ, ஒரு நிமிஷத்துக்குள் முட்டை, இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

எப்படிக் கழுவுவது?

முட்டை மட்டும் செய்தால் நான் கழுவுவதே இல்லை, சூடாக இருக்கும்போதே காகிதத்தால் துடைத்து வைத்துவிடுகிறேன். ஒட்டியிருந்தால் வெந்நீரை விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பஞ்சால் துடையுங்கள். கம்பி நார், பொடி, பாத்திரம் கழுவும் மெஷின் மூன்றும் கூடாது. வெள்ளீயம் நகத்தால் கீறக்கூடிய அளவுக்கு மென்மையானது. கரண்டியும் உலோகமாக இருக்கக் கூடாது, மூங்கில் குச்சியோ மரத்துடுப்போ போதும்.

உள்பக்கம் நாளாக நாளாகச் சாம்பல் நிறமாகும். அது அழுக்கு இல்லை, தேய்த்து வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள், தேய்த்தால் பூச்சு போய்விடும். வெளிப்பக்கம் உங்கள் இஷ்டம். வினிகரில் உப்பைக் கரைத்துத் தேய்ப்பது இங்கே வழக்கம். நான் புளிதான் தேய்க்கிறேன், வேலை ஒன்றுதான். தேய்த்ததும் நன்றாகக் கழுவி உடனே துடைக்காவிட்டால் மறுநாளே திட்டுத் திட்டாகக் கறுக்கும். பழைய சட்டியின் அந்தக் கறுஞ்சிவப்பு எனக்குப் பிடிக்கும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் தேய்க்கிறேன்.

பச்சைக் களிம்பு பிடித்தால் விஷமா?

ஜப்பானிலும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள், பள்ளியிலேயே கொடிய விஷம் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். சுகாதார அமைச்சகம் ஆய்வு நடத்தி, பயந்த அளவுக்கு அதில் விஷமில்லை என்று 1984இல் சொன்னது. நம் சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவையும் ஆணவத்தையும் சொல்லச் செம்பையும் களிம்பையும்தான் உவமையாக எடுத்தார்கள், அவ்வளவு கூடவே பிறந்தது அது. வெளியே பிடித்தால் வினிகரும் உப்பும் போட்டுத் துடைத்தால் போய்விடும்.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். புளிப்பும் உப்பும் செம்பைக் கரைக்கும், கரைந்த செம்பு அதிகமாக உள்ளே போனால் வயிற்றைப் பிரட்டும், வாந்தி வரும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆகவே மிசோ என்ற உப்பான சோயா விழுது கரைத்த சூப், வினிகர் போட்ட பண்டம், ஊறுகாய், எதையும் செம்பில் வைத்து மூடிவிட்டுப் போகாதீர்கள். வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். வில்சன் நோய் உள்ளவர்கள் செம்புப் பாத்திரத்தையே தவிர்க்க வேண்டும், அவர்கள் உடம்பு செம்பை வெளியேற்றாது.

உள்ளே பூச்சே இல்லாத செம்புப் பாத்திரமும் விற்கிறார்களே?

அது இனிப்புக்கு. சிவப்புப் பயறை வேகவைத்துச் சர்க்கரை போட்டுக் கிளறும் ஆன்கோவுக்கு, அடி உருண்டையான பூச்சில்லாத செம்புச் சட்டியை வைத்துக்கொள்வார்கள். அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிளற வேண்டிய பண்டம், சூடு சீராக இருந்தால்தான் நிறம் மங்காமல் வரும். சர்க்கரைப் பாகு வெள்ளீயம் தாங்காத சூட்டை நெருங்கும் என்பதும் ஒரு காரணம்.

உமே என்ற ஜப்பானியப் பிளம் வகையின் பச்சைக் காயைப் பாகில் வேகவைக்கும்போது நிறம் போகாமல் இருக்க அதையும் செம்பில் வைப்பது பழைய வழக்கம். காயின் பச்சையத்தில் இருக்கும் மக்னீசியத்தின் இடத்தில் செம்பு போய் உட்கார்ந்துகொள்கிறது, அதனால் பச்சை நிலைக்கிறது. உமே நல்ல புளிப்பு என்பதால், பழக்கமில்லாதவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

முள்ளங்கி துருவ எதற்குச் செம்பு? அதில் சூடே இல்லையே.

நல்ல கேள்வி, நானும் கேட்டேன். ஓரோஷிகானே என்ற இந்தத் தட்டு முறம் மாதிரி இருக்கும். செம்புத் தகட்டில் வெள்ளீயம் பூசி, அதன்மேல் உளியைச் சாய்த்து வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் ஒரு பல் எழும். இப்படி ஒவ்வொரு பல்லாக வரிசை வரிசையாக எழுப்புகிறார்கள். கை வேலை என்பதால் வரிசை துல்லியமாக நேராக இருக்காது, அதுதான் அதன் பலம். மெஷினில் செய்ததில் பல்லெல்லாம் ஒரே கோட்டில் இருப்பதால் முள்ளங்கியில் பள்ளம் விழுந்து அதே பள்ளத்தில் ஓடும். இதில் எங்கே தேய்த்தாலும் புது இடத்தில் பல் படும். பல் கூர்மை என்பதால் நாரை நசுக்காமல் அறுக்கிறது. பிளாஸ்டிக்கில் துருவினால் தண்ணீர் ஒரு பக்கம் சக்கை ஒரு பக்கம். இதில் துருவினால் ஈரப் பனி மாதிரிக் குவியும், பொரித்த மீன்மேல் வைத்தாலும் கீழே வழியாது. பின்பக்கம் பொடிப் பல், இஞ்சிக்கும் வசாபிக்கும். பல் மழுங்கினால் பட்டறைக்கே அனுப்பலாம், பழைய பல்லை அடித்துச் சமமாக்கி, மறுபடி வெள்ளீயம் பூசி, புதுப் பல் எழுப்பித் தருவார்கள்.

எங்கள் வீட்டில் இண்டக்‌ஷன்தான். வேலை செய்யுமா?

செய்யாது. சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பு செம்பை அடையாளமே காணாது. எல்லா உலோகத்துக்கும் வேலை செய்யும் ஒரு வகை ஜப்பானில் விற்கிறார்கள், இதற்காக அதை வாங்குவதைவிட ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு வாங்குவது உத்தமம். மேஜைமேல் வைக்கும் அந்தக் குப்பி கேஸ் அடுப்பில் முட்டைச் சட்டி அழகாக உட்காரும்.

என்ன விலை? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டு அளவு முட்டைச் சட்டிக்குப் பத்தாயிரம் யென்னைச் சுற்றி மனசில் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவில் இருக்கும் கப்பாபாஷி தெருவில் சமையல் சாமான் கடைகளே ஏறக்குறைய 170 இருக்கின்றன, கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். கியோத்தோ போனால், 1560இல் தொடங்கிய ஆரித்சுகு நிஷிகி சந்தையில் இருக்கிறது. கத்திக்குப் பெயர் போன கடை, செம்பும் வைத்திருக்கிறார்கள்.

செம்பு நிறத்தில் பூச்சு அடித்த அலுமினியச் சட்டியைச் செம்பு என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். நிஜச் செம்பு அந்தச் சின்ன உருவத்துக்கு எதிர்பாராத கனம் கனக்கும், முக்கால் கிலோவை ஒட்டி வரும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. சுத்தியல் தழும்பு இருப்பதை மட்டும் பார்த்துக் கையால் அடித்தது என்று முடிவு செய்யாதீர்கள், தழும்பை மெஷினிலும் போடுகிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கை அடித்ததில் ஒரு தழும்பு மாதிரி இன்னொன்று இருக்காது.

ஊருக்கு எடுத்துப்போய்விட்டேன். பூச்சு போனால் அங்கே பூச முடியுமா?

முடியும். ஈயம் பூசுகிறவர்கள் முன்னளவுக்கு இல்லை என்றாலும் பாத்திரக் கடைத் தெருவில் விசாரித்தால் ஆள் கிடைக்கும். சுத்த வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், முடிந்தால் வெள்ளீயக் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கைப்பிடியைக் கழற்றிவிட்டுக் கொடுக்க மறக்காதீர்கள், மரம் கருகிவிடும். அடியில் ஒரு புள்ளி செம்பு தெரிந்தாலே ஓட வேண்டியதில்லை, முட்டைக்கு ஒன்றும் ஆகாது. காசளவுக்குப் பெரிதானால் அனுப்புங்கள். வாரம் நாலு நாள் செய்யும் எனக்கு, அன்று உருகியதற்காகப் பூசியது தவிர, இத்தனை வருஷத்தில் இன்னும் ஒரே ஒரு தடவைதான் பூசவேண்டி வந்தது.

கைப்பிடி ஆடுகிறதே, சட்டியைத் தூக்கிப் போடவா?

வேண்டவே வேண்டாம். அது மரம், காய்ந்து சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கூட்டில் இருக்கும் சின்ன ஆணியைக் கழற்றி, கைப்பிடியின் அடியைத் தரையில் இரண்டு தட்டு தட்டி இறுக்கி, ஆணியைத் திரும்ப அடியுங்கள். கருகிப் போயிருந்தால் கைப்பிடி மட்டும் தனியாக விற்கிறார்கள், கூட்டின் உள் அளவைக் குறித்துக்கொண்டு போனால் கடையிலேயே பொருத்திப் பார்த்து எடுத்துத் தருவார்கள்.